விசில் ஊதினால் இடப்பக்கம்

அவரை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைப் படிக்கிறவர் அவர் ஒருவர்தான். புறநகர் ரயில் பாதையில் எட்டுப் பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருக்க, ஒன்பதாவது ஆளாக இவர் மட்டும் சற்றுத் தள்ளி நிமிர்ந்து நிற்பார். கழுத்தில் விசில், ஒரு கையில் பச்சைக் கொடி, மற்ற கையில் சிவப்பு. வண்டி கண்ணில் பட்டதும் ஊத வேண்டும், எட்டுப் பேரும் ஒதுங்க வேண்டும், வண்டி போனதும் கொடியை இறக்க வேண்டும். சும்மா நிற்பதற்கு ஒரு சம்பளமா என்று பார்க்கிறவனுக்குத் தோன்றும். காலை ஆறிலிருந்து இரண்டு மணிவரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரே திசையைப் பார்த்தபடி நின்று பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய ஆட்கள் ஒருவர் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் கம்பெனியில் இஸ்திரி மேஜை. எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி ரயிலில் நிற்க வேண்டும். அவள் ரயில் ஏறுகிறாள் என்று சொல்வதுகூட மிகைதான், பின்னால் இருக்கிறவர்கள் அவளை ஏற்றிவிடுவார்கள். உள்ளே போனபின் கையை உயர்த்தினால் உயர்த்தினபடி, இறக்கினால் இறக்கினபடி. ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீடு வந்தாள். மறுசெருப்பு எந்த ஸ்டேஷனில் இறங்கியதோ தெரியாது. எட்டுப் பத்து வண்டி அவருடைய வேலையிடத்தைக் கடக்கும்போது, கூட்டத்துக்கு நடுவிலிருந்து மஞ்சள் சாப்பாட்டுப் பை ஒன்று கதவுப்பக்கம் நீளும். இவர் பச்சைக் கொடியை ஒரு ஆட்டு ஆட்டுவார். சட்டப்படி குற்றம். எட்டுப் பேரும் அந்த நேரம் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

ஆகவே மூன்றாவது பாதை போடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஊரில் யாரையும்விட அதிகமாக அவள்தான் சந்தோஷப்பட்டாள். அவளுடைய அண்ணனுக்கு அதே செய்தி தலையில் இடியாக இறங்கியது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வருடமாக சைக்கிள் கடை வைத்திருந்த மனிதர். புதிய பாதைக்காகக் கேட்டை நிரந்தரமாக மூடினார்கள், கடையையும் எடுத்தார்கள். பதிலுக்கு, நாற்பத்தொன்பது வயதில், பாதை போடும் கேங்கில் ஒரு வேலை கொடுத்தார்கள். அது தங்கை புருஷனின் கேங்காக அமைந்தது. வந்த அன்றே 'பஞ்சர்' என்று பெயரும் வைத்தாயிற்று.

"டியூப்ல ஓட்டை எங்கன்னு தேடறோம், இங்க தண்டவாளத்துல தேடறோம். பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல மாப்ள," என்பார் பஞ்சர்.

வித்தியாசம் இருந்தது. அவர் யோசிக்கிற மனிதர். விசில் கேட்டால் தலையைத் தூக்குவார், எந்தப் பக்கம் வண்டி வருகிறது என்று பார்ப்பார், அப்புறம்தான் நகர்வார்.

நகரத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் பழைய பாதைகள் இரண்டு. அவற்றுக்கு நடுவே மின்கம்ப வரிசை, கம்பங்களையொட்டி ஆள் நிற்க இடம். இடப்பக்கம் புதிய பாதைக்காகக் கொட்டிய ஜல்லி மேடு. வேலை அன்றாடம் நடந்தது அதையொட்டிய பழைய பாதையில். கம்பங்கள் பக்கம் ஒதுங்கினால் இரண்டு புறமும் வண்டி போகும், காற்று ஆளை இழுக்கும். ஜல்லி மேட்டில் வண்டியே கிடையாது. ஆகவே ஒதுங்குவதற்கு இடப்பக்கம் என்று விசில் தானே முடிவு செய்தார். தண்ணீர் கேன், சாப்பாட்டுத் தூக்குகள், கழற்றிப்போட்ட சட்டைகள் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன.

"யோசிக்காதீங்க மச்சான். நீங்க யோசிக்கற நேரம் வண்டிக்குப் போதும்," என்று அவர் பஞ்சரிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். "விசில் கேட்டா கால் தானாப் போகணும். இடப்பக்கம். நான் ஊதறத நிறுத்தற வரைக்கும் அங்கயே நிக்கணும். சேதி தலைக்குப் போகவே கூடாது."

"அப்ப நாளையிலேர்ந்து தலைய வீட்ல வச்சிட்டு வரேன்," என்றார் பஞ்சர்.

ஆனாலும் கற்றுக்கொண்டார். அரை வருடத்தில் எட்டுப் பேரில் முதல் ஆளாக இடப்பக்கம் போய் நிற்கிறவர் அவராகத்தான் இருந்தார். ஒதுங்கிய கையோடு குனிந்து கேனிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பது அவர் வழக்கம். விசிலுக்கு அதைப் பார்க்கையில் மனது குளிரும்.

இரண்டு வருடத்தில் ஜல்லி மேட்டின்மேல் கட்டைகள் வந்தன, தண்டவாளம் வந்தது, மேலே கம்பி வந்தது. புதிய பாதை திறக்குமுன் மூன்று நாள் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது விதி. வண்டி இல்லாத நேரத்தில் விசில் ஊதி, ஆட்களை வலப்பக்கம் ஒதுங்கவைத்து, திரும்பத் திரும்பச் செய்து, பழைய பழக்கத்தைக் காலிலிருந்து எடுக்க வேண்டும். திறப்புக்கு முந்தைய நாள் மத்தியானம் சூப்பர்வைசர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னும் நானூறு மீட்டர் ஜல்லி இறுக்கல. பயிற்சி கியிற்சின்னு போனா என் தலை உருளும். மூணு தேதியும் போட்டுக் கையெழுத்து வை. உன் ஆளுங்களுக்கு நீ சொன்னா போதாதா?"

போதும் என்றுதான் விசிலும் நினைத்தார். அந்தக் கூடுதல் பெருமை இங்கேதான் வேலையைக் காட்டியது. மூன்று தேதி, மூன்று கையெழுத்து.

மறுநாள் காலை எட்டுப் பேரையும் நிற்கவைத்துச் சொன்னார். இன்றிலிருந்து இடப்பக்கம் வண்டி ஓடும். ஊதினால் வலப்பக்கம், கம்பங்களை ஒட்டி. தண்ணீர் கேனைத் தானே தூக்கிப்போய் ஒரு கம்பத்தடியில் வைத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"வலப்பக்கம். புரிஞ்சுது மாப்ள," என்றார் பஞ்சர்.

எட்டேகாலுக்குப் பழைய பாதையில் வண்டி தெரிந்தது. விசில் கம்பத்தடியில் நின்றபடி ஊதினார். ஐந்து பேர் அவர் பக்கம் வந்தார்கள். மூன்று பேர் இடப்பக்கம் போனார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் வண்டி நடுவில் புகுந்துவிட்டது. அதே திசையிலிருந்து, அதன் மறுபுறம், புதிய பாதையில் இன்னொரு வண்டி வேகமாக வந்துகொண்டிருந்தது. முந்தின வண்டி மறைத்ததில் அது அவர் கண்ணில் படவில்லை, ஹாரன் மட்டும் காதில் விழுந்தது. ஓடுகிற சக்கரங்களின் இடுக்கில் மூன்று ஜோடிக் கால்கள் தெரிந்தன. கத்தினார். சத்தம் போய்ச் சேரவில்லை. அவரிடம் இருந்தது விசில் ஒன்றுதான். மூச்சு உள்ளவரை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, புதிய பாதைக்கு அப்பால் இருந்த மதில் சுவர்ப்பக்கம் பாய்ந்துவிட்டார்கள். மூன்றாவது ஜோடிக் கால் நகரவில்லை. விசில் நிற்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட கால். பஞ்சர் குனிந்து, இரண்டு வருடமாக இருந்த இடத்தில் தண்ணீர் கேனைத் தேடிக்கொண்டிருந்தார் என்று தப்பித்தவர்களில் ஒருவர் பிறகு சொன்னார்.

புதிய வண்டி முந்நூறு மீட்டர் தள்ளிப் போய் நின்றது. அதன் மூன்றாவது பெட்டியில், வாழ்க்கையில் முதல்முறையாக, ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள் அவருடைய மனைவி. மடியில் மஞ்சள் பை. முதல் நாளே நிறுத்திவிட்டார்களே, இஸ்திரி மேஜையில் தாமதம் போட்டுவிடுவார்களே என்று பக்கத்தில் இருந்தவளிடம் அலுத்துக்கொண்டாளாம். இதை அவளே அன்று சாயங்காலம் சொன்னாள். சொல்லிவிட்டு, "உக்காந்துகிட்டுப் போனேன்," என்றாள். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து சூப்பர்வைசர் அவரை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜைமேல் பதிவேடு திறந்திருந்தது.

"பயிற்சி கொடுத்ததா உன் கையெழுத்து இருக்கு. காலையிலயும் சொல்லியிருக்க. மீறிப் போனது அவர் தப்பு. வியாழக்கிழமை விசாரணையில இதச் சொல்லிட்டு வாய மூடிக்க. உனக்கும் ஒண்ணும் ஆகாது, எனக்கும் ஒண்ணும் ஆகாது. செத்தவருக்கு இனிமே ஆக என்ன இருக்கு?"

செத்தவருக்கு ஆக ஒன்று இருந்தது. தப்பு அவருடையது என்று எழுதிவிட்டால் அவர் மனைவிக்கு ரயில்வேயில் வேலை கிடையாது. படிக்கிற பிள்ளைகள் இரண்டு. இது சூப்பர்வைசருக்கும் தெரியும்.

விசில் மூன்று நாளாக உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. அதைவிடக் கொடுமை, வீட்டில் எல்லோரும் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். "எங்கண்ணன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். சொல் பேச்சு கேக்க மாட்டாரு," என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்தபடி. பஞ்சரின் மனைவி ஒருபடி மேலே போனாள். வீடு தேடி வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"தம்பி, இத்தன வருசம் உங்க மேல ஒரு சொல் வந்ததில்ல. இவர் கவனமில்லாமப் போனதால உங்களுக்கும் கெட்ட பேரு. மனசுல வச்சுக்காதீங்க," என்றாள்.

மன்னிப்புக் கேட்கிறாள், அவரிடம். "உள்ள வாங்கக்கா," என்பதற்குமேல் பேச்சு வரவில்லை. விசில் ஊதியே தேய்ந்த வாய் அது, வேறு எதற்கும் பழகவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மூன்று நாள் பயிற்சி, நடக்காத மூன்று நாள், மூன்று கையெழுத்து. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"இத நாளைக்குச் சொன்னா உங்க வேலை போயிடுமா?"

"போயிடும்."

"அண்ணிக்குக் கெடைக்குமா?"

"கெடைக்கும்."

"அப்பச் சொல்லுங்க."

கடைசித் துணியையும் மடித்துவிட்டு அவரைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. காலையில வலப்பக்கம்னு சொன்னீங்க. அவரும் தலையாட்டினாரு. ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ, அதுக்குள்ள எப்படி மறந்தாரு?"

"மறக்கல. பழக்கம்."

"ரயில் வர்ற பாதையில போய் நிக்கறது ஒரு பழக்கமா? எங்கண்ணன் என்ன முட்டாளா?"

என்ன சொன்னாலும் அது அவர்மேல் இருக்கும் பழியை இன்னொருவர் காலடியில் கொண்டுபோய் வைப்பதுபோல் அவருக்கே கேட்டது. அவள் எழுந்து போய்விட்டாள். தன் அண்ணன் கவனமில்லாமல் செத்தாரா, இல்லை இந்த மனிதர் எதையோ இன்னும் மறைக்கிறாரா, இரண்டில் ஒன்று என்று அவள் முடிவு கட்டியிருப்பது தெரிந்தது.

வியாழக்கிழமை விசாரணை அதிகாரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இத நான் எழுதினா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார். எழுதுங்க. அவர் என் பேச்சக் கேக்காமப் போகல. கேட்டுத்தான் போனாரு. நான் ரெண்டு வருசமாச் சொன்னதக் கேட்டாரு. அன்னிக்குச் சொன்னது காலுக்குப் போய்ச் சேரல. சேர வைக்க வேண்டியது என் வேலை."

எழுதினார்கள். சூப்பர்வைசரை இரண்டு ஸ்டேஷன் தள்ளி மாற்றினார்கள், அவருக்கு வீடும் பக்கமாயிற்று. விசிலை வேலையைவிட்டு நீக்கினார்கள். ஒப்படைத்த பொருட்கள் என்று ஒரு தாளில் கொடி இரண்டு, விசில் ஒன்று என எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அவர் உண்மையாகப் போட்ட கையெழுத்து அது. பஞ்சரின் மனைவிக்குப் புதிய ஸ்டேஷன் ஒன்றில் துப்புரவு வேலை கிடைத்தது. ஆணை வந்த அன்று அவள் பிள்ளை ஒருவனிடம் சொல்லி அனுப்பினாள், நேரில் வரவில்லை.

இப்போது அவர் நகரத்தில் ஒரு கிடங்கின் வாசலில் நிற்கிறார். அங்கேயும் நிற்கிற வேலைதான். காலையில் மனைவியும் அவரும் ஒன்றாக ரயில் ஏறுகிறார்கள். புதிய பாதையில் வண்டி வரும், கூட்டம் கொஞ்சம் குறைவாகவே வரும், சில நாள் உட்காரவும் இடமிருக்கும். அவள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். பழைய பாதை வண்டிக்குக் காத்திருந்து, நசுங்கி, ஏறுவாள். அவர் ஏன் என்று கேட்டதில்லை. நாலு மாதமாக அவர்களுக்குள் பேச்சே அளவுதான். சாவி எங்கே, பால் வாங்கியாச்சா, அவ்வளவு.

ஒருநாள் வண்டி அந்த இடத்துக்குச் சற்று முன்னால் வேகம் குறைந்தது. பெட்டியில் எள் போட இடமில்லை. அவர் தோளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அவள் ஒடுங்கி நின்றாள். வெளியே எங்கோ, இந்த வண்டிக்காக, வேறு ஒரு ஆள் விசில் ஊதினான். நீளமாக ஒன்று.

அவருடைய இடது கால் நகர்ந்தது. இல்லாத இடத்தில் நகர்ந்தது. உடம்பு முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்து பக்கத்தில் நின்றவனை இடித்தது.

"யோவ், காலப் பாத்து வைய்யா. எங்க போற?" என்றான் மிதிபட்டவன்.

"தெரியாமப் பட்டுடுச்சு தம்பி," என்றார். தன் கால் நகர்ந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

அவள் குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். அந்த நெரிசலில் குனிவது சுலபமில்லை, ஆனாலும் பார்த்தாள். வெளியே விசில் இன்னும் நிற்கவில்லை. கால் அடுத்தவன் செருப்பின்மேலேயே இருந்தது, அவரால் அதை எடுக்க முடியவில்லை.

"அண்ணன் காலும் இப்படித்தான் போயிருக்கும், இல்ல?" என்றாள் மெல்ல.

"ஆமா."

விசில் நின்றது. அவர் காலை எடுத்தார். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும் இடம் வரும்வரை அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.