ஓநாய்க்குப் பல் கட்டியவள்

வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது எங்கள் பல் லேப். சுற்றுவட்டார கிளினிக்குகள் அனுப்புகிற வாய் அளவுகளுக்குப் பல் செட் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. எனக்குப் பக்கத்து மேஜை தாட்சாயிணியுடையது. நான் வாயாடி. அவளோ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், அதையும் பாதி தலையாட்டலில் முடித்துவிடுவாள். அவளைப் பற்றி இப்போது ஆளுக்கொன்று பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் ஒருத்தராவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் வேலை பார்த்ததுண்டா? அந்த எரிச்சலில்தான் வனஜாவாகிய நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தாட்சாயிணியின் அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை. குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பி கிஷோருக்குச் சோறு ஊட்டியது, தலைவாரியது, பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கியது எல்லாம் அவள்தான். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. சுவர் ஏறிக் குதிப்பது மட்டும் நன்றாக வந்தது. குதிப்பதையே தொழிலாக்கிக்கொண்டான். சினிமாவில் ஹீரோவுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுகிற வேலை. அப்படி விழுகிற ஆளை அங்கே டூப் என்பார்கள். தாட்சாயிணிக்கு அந்தச் சொல்லே ஆகாது. “என் தம்பி ஸ்டன்ட் பண்றான்” என்பாள். வாய்தவறிக்கூட அவனை டூப் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கிஷோரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம், குடி. விழுந்த வலிக்குக் குடிக்க ஆரம்பித்து, பிறகு விழாத நாளிலும் குடித்தான். அவன் மனைவி எழிலரசி அம்பத்தூரில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். இருமல் மருந்து வாசனை, ஷேவிங் லோஷன் வாசனை என்று அவன் அவிழ்த்துவிட்ட கதைகளையெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு நாள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். தாட்சாயிணி போய்த்தான் அழைத்து வந்தாள். இனிமேல் குடித்தால் நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அழைத்து வந்தாள். கிஷோர் அக்கா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். “இன்னொரு வாட்டி அந்த வாசன வந்துச்சி, அன்னிக்கே நீ எனுக்குச் செத்துட்ட” என்று எழிலரசி அவனிடம் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. திருநின்றவூர் ஏரிப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துக் குடித்தனம் நடத்தினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ரயிலில் ஏறி அவள் அம்பத்தூரில் இறங்குவாள், அவன் வேலை இருக்கும் இடத்துக்குப் போவான். அந்த நிம்மதிக்கு இடையில்தான் ஓநாய்ப் படம் வந்து சேர்ந்தது.

ராத்திரியானால் ஓநாயாக மாறுகிற மனிதனின் கதை. கிஷோர்தான் ஹீரோவுக்குப் பதில் தாவுவதும் விழுவதும். எங்க அக்கா பல் கட்டும் என்று கம்பெனி மேனேஜரிடம் சொல்லி, வேலையை எங்கள் லேபுக்கே கொண்டுவந்து சேர்த்தான். எங்கள் முதலாளிக்கு வாயெல்லாம் பல். எனக்குச் சினிமாக்காரர்களைக் கண்டாலே ஆகாது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

ஓநாயை நாங்கள் எங்கே பார்த்தோம்? தாட்சாயிணி பட்டாபிராமில் குடியிருந்தாள். ஸ்டேஷன் போகிற வழியில் தெருநாய்களுக்கு பிஸ்கட் போட்டுவிட்டு, அவை கொட்டாவி விடுகிற நேரம் பார்த்து வாய்க்குள் குனிந்து பார்ப்பாள். போகிற வருகிறவர்கள் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மனிதனுக்குக் கட்டுவது போல வரிசையாக, வெள்ளையாகக் கட்டினால் தியேட்டரில் சிரிப்பார்கள் என்றாள். வேர்ப்பக்கம் பழுப்பு ஏற்றினாள். நுனியில் தேய்மானம் வைத்தாள். கீழ்க் கோரைப்பல் மேலதற்கு முன்னால் வந்து உட்கார வேண்டும் என்று கண்டுபிடித்து, முதலில் செய்ததை உடைத்துப் போட்டாள். ஈறுக்கு நாங்கள் வழக்கமாகப் போடும் ரோஜா நிறத்தில் கறுப்புத் திட்டு கலந்தாள். செய்து முடித்ததைக் கையில் வாங்கிப் பார்த்தவள், சட்டென்று மேஜையில் வைத்துவிட்டேன்.

நகம்தான் அவளைப் படுத்தியது. நடந்து நடந்து தேய்ந்த மொட்டை நகமாக ஒரு ஜோடி செய்து அனுப்பினாள். டைரக்டருக்குக் கூராக வேண்டுமாம், கூராக்கினாள். முதல் சண்டையிலேயே ஒரு நகம் தெறித்துப் போய் அவர்கள் எடுத்தது வீணாகிவிட்டது. இனி கழலவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால் விரலின் நடுக்கணு வரைக்கும் உறையாக நீட்டி, பசை வைத்து ஒட்டுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தாள். மாட்டினால் விரல் மடங்காது. எதையும் பிடிக்கவும் முடியாது. தண்ணீர்கூட ஒருத்தர் புகட்ட வேண்டும் என்று கிஷோர் லேபில் உட்கார்ந்து சிரித்தான்.

பல் செட் மூன்று. ஹீரோவுக்கு வசனம் உண்டு, அதனால் அவருடையதைச் சின்னதாக, முன்பல்லில் மட்டும் கவ்வுகிற மாதிரி செய்தாள். அவர் வாய்க்கு மட்டுமே அது நிற்கும். அது உடைந்தால் மாட்டிக்கொள்ள அதே அளவில் இன்னொன்று. மூன்றாவது கிஷோருக்கு. விழுகிறவனாயிற்றே என்று அண்ணம் முழுக்க அகலமாகப் பரவுகிற மாதிரி, கழன்றாலும் தொண்டைக்குள் போகாத மாதிரி, பார்த்துப் பார்த்துச் செய்தாள். தம்பியை வரச்சொல்லி மாட்டிப் பார்த்து, தலைகீழாகக் குனியச் சொல்லி உலுக்கியும் பார்த்தாள்.

மூன்று டப்பாவிலும் மார்க்கரால் எழுதினாள். எங்கள் லேபில் எந்த அளவுக்கும் ஒரு நகல் எடுத்து வைப்போம். அந்த நகலுக்கு எங்கள் பேச்சில் டூப் என்று பெயர். டூப்பை எடு, டூப்பில் பார், டாக்டர் டூப் கேட்கிறார் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். முதல் டப்பாவில் ‘ஹீரோ’ என்று எழுதினாள். உபரியாகச் செய்ததில் ‘ஹீரோ டூப்’ என்று எழுதினாள். மூன்றாவதில் ‘கிஷோர்’ என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. லேபில் யாருக்குத்தான் தெரிந்திருக்கும்?

பல் செட் போய்ச் சேர்ந்த மறுநாள், பூந்தமல்லி தாண்டி ஒரு ஷெட்டில் படப்பிடிப்பு. கூரையிலிருந்து பாய்கிற ஓநாய் குண்டடி பட்டு மல்லாக்க விழ வேண்டும். கிஷோர் பாய்ந்தான், விழுந்தான். விழுந்த அதிர்வில் பல் கழன்று தொண்டைக்குள் போய்விட்டது. அவன் புரண்டான், உதைத்தான், வாய்க்குள் கையை விடப் பார்த்தான். மடங்காத விரல், உள்ளே போகவில்லை. குண்டு பட்ட ஓநாய் துடிக்கிறது என்று நினைத்துக் கேமராவை ஓட விட்டிருக்கிறார்கள். பிரமாதமாகச் செய்கிறான் என்று யாரோ சொன்னார்களாம். அவன் அசையாமல் கிடந்த பிறகுதான் ஓடினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் தாட்சாயிணியோடு போனேன். அவன் கன்னத்திலும் உதட்டிலும் கோடு கோடாகக் கீறல், அவள் கூராக்கிக் கொடுத்த நகம் கீறியது. கை விரல்களில் நகம் இன்னும் ஒட்டியபடியே இருந்தது, யாராலும் எடுக்க முடியவில்லையாம். எழிலரசி அம்பத்தூரிலிருந்து கழுத்தில் கம்பெனி அட்டையோடு நேரே வந்தாள். புருஷன் முகத்தின் மேல் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. முகத்தில் ஓநாய் முடி ஒட்டுகிற பசையிலும், அதைத் துடைத்து எடுக்கிற மருந்திலும் ஸ்பிரிட் உண்டு. முகமெல்லாம் அந்த வாடை, குடித்தவன் மேல் வீசுகிற மாதிரியே. வாசலில் மேனேஜர் போலீஸ்காரரிடம், ஆள் போதையில் இருந்தார் சார், பல்லைக் கடித்து ஆட்டிவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எரித்துவிட்டு வந்த மறுநாள் தாட்சாயிணி அவளிடம் போய், அது பசை வாசனைதான் என்று எடுத்துச் சொன்னாள். எழிலரசி சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

“அவரு இருமல் மருந்துன்னாரு, லோஷன்னாரு. இப்ப நீங்க பசைன்றீங்க. குடிக்கலன்னா பல்லு ஏன் கழண்டுச்சி அண்ணி? நீங்க கட்ன பல்லு கழண்டுதுன்னு நான் கேட்டதே இல்ல.”

உலுக்கிப் பார்த்து அனுப்பிய பல் எப்படிக் கழன்றது? லேபில் தாட்சாயிணி வேலையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். ரசாயனச் சோதனை முடிவு வந்தால் அவன் குடிக்கவில்லை என்று தெரிந்துவிடும், ஆனால் அது வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

பதில் சின்னசாமியோடு வந்தது. கிஷோரோடு கூட விழுகிறவர், பட்டாபிராம்காரர். கிஷோரின் பையைக் கொடுத்துவிட்டுப் போக அவள் வீட்டுக்கு வந்தார், நானும் அங்கே இருந்தேன். பையோடு ஒரு டப்பாவையும் நீட்டினார். பிரிக்காத டப்பா. மேலே கிஷோர் என்று அவள் கையெழுத்து.

இது மேக்கப் வேனிலேயே கிடந்தது, யார் கிஷோர் என்று தெரியாமல் ஓரமாக வைத்துவிட்டார்கள் என்றார். அப்படியானால் அவன் எதை மாட்டினான் என்று தாட்சாயிணி கேட்டாள்.

“ஹீரோ டூப்புன்னு எழுதி இருந்துச்சே, அதான்கா. மேக்கப்காரங்க மாட்டி உட்டாங்க. அவன் கையில நகம், கண்ல லென்ஸு, அவன் எங்க பாக்கறான். ஆடிகினு கீதுடான்னு நான் சொன்னேன். ‘அக்கா சின்னதா மாத்திட்டா போலடா, அவ அளவு தப்பாது’ன்னான். பேஸ்ட்ட வச்சி அமுக்கி உட்டுட்டாங்க.”

தாட்சாயிணி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னசாமி போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். என் வாயாடித்தனமெல்லாம் அன்றைக்கு உதவவில்லை.

முதலாளியிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். வாயைத் திறந்தால் வழக்கு லேப் பக்கம் திரும்பும், தம்பியை நீயே கொன்றதாக ஆகும், மேனேஜர் சொன்னது சொன்னபடி இருக்கட்டும் என்றார். மேனேஜர் சொன்னது என்னவென்றால், கிஷோர் குடிகாரன் என்பது. தாட்சாயிணி தலையாட்டிவிட்டு மேஜைக்குத் திரும்பினாள். எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. அவள் எதற்குப் பயந்தாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. போலீசுக்கு அல்ல. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு அவளுக்கென்று மிச்சமிருந்த சொந்தம் எழிலரசி ஒருத்திதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் திருநின்றவூர் போனோம். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் படைப்பது எங்கள் பக்க வழக்கம். கறிக்குழம்பு, வடை, வெற்றிலை என்று இலை நிறைந்திருந்தது. குடிக்கிறவர் என்றால் ஒரு குவார்ட்டரும் வைப்பார்கள், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எழிலரசியே ஆளனுப்பி வாங்கி வைத்திருந்தாள். மூடியைத் திருகி, டம்ளரில் ஊற்றி, கிஷோரின் படத்துக்கு நேராக வைத்தாள்.

“இதுக்குத்தான என்ன ஏமாத்துனாரு. நல்லா குடிக்கட்டும்.”

உறவுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கற்பூரம் ஏற்றப் போனவரைத் தாட்சாயிணி கை காட்டி நிறுத்தினாள்.

“அத எடுத்துடு எழிலு. என் தம்பி குடிக்கல. அவன் பல்லு வேன்ல கெடந்துச்சி. வேற பல்ல மாட்டிட்டாங்க. நான் எழுதுனத பாத்துதான் மாட்டிட்டாங்க.”

பிறகு முழுவதையும் சொன்னாள். லேபில் டூப் என்றால் என்ன, சினிமாவில் டூப் என்றால் என்ன, எந்த டப்பாவில் எதை எழுதினாள், ஹீரோவின் செட் தம்பி வாயில் ஏன் நிற்காது, விரல் ஏன் மடங்கவில்லை, எல்லாம். இத்தனை வார்த்தை அவள் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதே இல்லை. குரல் உடையவில்லை. எரிகிற விளக்கின் மேல் கையை வைத்து இது சத்தியம் என்றாள், சூட்டில் கையை எடுக்கவும் இல்லை. எழிலரசிதான் பிடித்து இழுத்தாள்.

எழிலரசி டம்ளரையும் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தாள். டம்ளரைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மொண்டு வந்து அதே இடத்தில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் படத்துக்கு முன்னால் விழுந்தாள். உன்னை நம்பவில்லையே, உன் முகத்தைத் தொடாமல் அனுப்பிவிட்டேனே என்று அவள் தரையில் தலையை மோதி அழுததை என்னால் நின்று பார்க்க முடியவில்லை. புருஷன் செத்ததற்கு அவள் அன்றைக்குத்தான் அழுதாள்.

அழுது ஓய்ந்து எழுந்தவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு தாட்சாயிணியிடம் வந்தாள்.

“நீங்க சொன்னதுக்கு உங்க கால்ல உழுந்து கும்புடலாம் அண்ணி. ஆனா இனிமே இந்த ஊட்டுக்கு வராதீங்க. உங்க கையப் பாத்துகினு என்னால சோறு துன்ன முடியாது.”

தாட்சாயிணி சரி என்று தலையாட்டினாள். இலை போடுவதற்கு முன்பே நாங்கள் கிளம்பிவிட்டோம். இருந்து சாப்பிட்டுப் போங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

திருநின்றவூர் ஸ்டேஷனில் வெயில் காய்ந்தது. பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன், குடிக்கவில்லை. எழிலரசியை வாயில் வந்தபடி திட்டினேன். உண்மையைச் சொன்னவளுக்குக் கிடைத்த மரியாதையைப் பார் என்று பொரிந்து தள்ளினேன். தாட்சாயிணி கொப்புளம் வந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“திட்டாத வனஜா,” என்றாள். “அவ நம்பிட்டா.”