பள்ளிக்கூடத்துப் பள்ளத்தை மூடிய சாம்பல்

மூன்றாம் குழி

மார்கழியில் ஒரு நாள் காலை நான் கம்போஸ்ட் கிடங்குக்குப் போனபோது மூன்றாம் குழியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தீ ஒன்றும் தெரியவில்லை. குழியின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி மெல்லிய புகை ஏறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

உத்திரமேரூருக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் நான் பஞ்சாயத்துச் சுகாதார மேஸ்திரி. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுவதால் கிடங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெருக்குப்பை ஒரு அடுக்கு, எடுப்புக் கக்கூஸிலிருந்து அள்ளி வரும் மலம் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிக் குழியை நிரப்பி, மேலே மண் போட்டு மூடுவோம். சில மாதங்களில் மக்கி எருவாகும். குடியானவர்கள் வண்டி கட்டி வந்து எடுத்துப்போவார்கள்.

மண் வெட்டிப் போட எங்களுக்கு ஆள் போதாது. ஊர் எல்லையில் ஒரு ரைஸ் மில் இருந்தது. நெல் அவிக்கிற பாய்லரில் அவர்கள் எரிப்பது உமி. அந்தச் சாம்பல் மலையாகக் குவியும். அதை டிராக்டரில் கொண்டுவந்து எங்கள் குழிகளுக்கு மேல்மூடியாகப் போட்டார்கள். மில்லுக்கு இடம் காலியானது, எங்களுக்கு ஈயும் நாற்றமும் குறைந்தன. இரண்டு பக்கமும் லாபம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குழி புகைந்ததும் பழி தனகோட்டி மேல் விழுந்தது. அவர் கிடங்கில் பழைய இரும்பு, பாட்டில், காகிதம் பொறுக்கிக் காஞ்சிபுரத்தில் கடைக்குப் போடுகிறவர். டயரைக் கொளுத்தி உள்ளே இருக்கும் கம்பியை எடுப்பார் என்று ஊரில் ஒரு பேச்சு. அவரைக் கிடங்குக்குள் விடக்கூடாது என்று எங்கள் எக்ஸிகியூட்டிவ் ஆபீசர் சொல்லிவிட்டார்.

"இந்தக் குப்பையிலதான் எனக்குச் சோறே கீது. சோத்துச் சட்டியில எவனாவது நெருப்பு வெப்பானா?" என்றார் தனகோட்டி.

"சட்டிக்கு அடியிலதான்யா நெருப்பு வெக்கணும். நீ எங்க வெச்ச, அத்தச் சொல்லு" என்றார் வண்டிக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். தனகோட்டி சிரிக்கவில்லை.

நான் அவரை நம்பவில்லை. சிரித்தவர்களையும் நம்பவில்லை. எரு கிடைக்காமல் போனால் யாருக்கு ஆதாயம் என்றுகூட யோசித்தேன். உரமூட்டை விற்கிற கடைக்காரர் வரை மனசு போயிற்று. ஆனால் தனகோட்டியை வெளியே நிறுத்திய பிறகும் ஐந்தாம் குழி புகைந்தது. அன்று அவர் மாகறலில் தங்கை வீட்டு விசேஷத்தில் இருந்தார்.

இரண்டு குழிக்கும் பொதுவாக இருந்தது சாம்பல்தான். கடப்பாரையைச் சாம்பலுக்குள் இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு உருவினேன். நுனியைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டேன்.

மில் மானேஜரிடம் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். ரெண்டு டிரம் தண்ணி ஊற்றிய பிறகே சாம்பல் வெளியே போகிறது, நனைந்த சாம்பல் எப்படி எரியும் என்று என்னையே கேட்டார். டிராக்டர் டிரைவர் ஏழுமலை பக்கத்தில் நின்று, "நானேதான் மேஸ்திரி ஊத்தறேன். என் கையால ஊத்தறேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் விஷயமே.

திரும்பி வந்து ஒரு இடத்தில் சாம்பலை மண்வெட்டியால் பிளந்து பார்த்தேன். தண்ணீர் பட்ட மேல்பகுதி அடை மாதிரி இறுகியிருந்தது. அதற்குக் கீழே சாம்பல் காய்ந்து கிடந்தது. இன்னும் கீழே செக்கச்செவேலென்று கனிந்துகொண்டிருந்தது. அறுவடைக் காலத்தில் பாய்லருக்கு உமியை அள்ளி அள்ளிப் போடுவார்கள். பாதி எரிந்த உமியும் சாம்பலோடு வந்துவிடும். தண்ணீர் மேலே ஒரு மூடி போட்டுவிடுகிறது. உள்ளே இருக்கிற உமி அந்த மூடிக்கு அடியில் நாள்கணக்காக வேகிறது. வேக வேகச் சுருங்கி, அடியில் பொந்தாகிவிடுகிறது.

ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொல்லி, இனிமேல் கிடங்குக்குச் சாம்பல் வேண்டாம் என்றேன். தனகோட்டியையும் திரும்ப விடச் சொன்னேன். இரண்டுக்கும் உடனே சரி என்றார். வழக்கமாக எதற்கும் உடனே சரி சொல்லாதவர். வெளியே வந்த பிறகும் அது எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

வெதவெதப்பு

தை பிறந்தது. குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் டிரில் பழக்கிக்கொண்டிருந்தார்கள். என் மகள் செல்வி நான்காம் வகுப்பு. முதல் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று வீட்டில் ஒரே பெருமை.

ஒருநாள் சாயங்காலம் அவள் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காதில் வாங்கவில்லை. பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அப்பா, எங்க ஸ்கூல் பள்ளத்த மூடிட்டாங்க. காத்தால அங்க காலு வெச்சா வெதவெதன்னு கீதுப்பா. குளுருக்கு நல்லா கீது. நாங்க எல்லாம் அங்கதான் நின்னுக்கினு இருந்தோம்."

மைதானத்தின் ஒரு மூலையில் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்று உண்டு. மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். டிராக்டரில் வந்தது, முதலில் கறுப்பாகக் கொட்டினார்கள், அப்புறம் சிவப்பு மண் போட்டார்கள் என்றாள். யார் யாரெல்லாம் நின்றீர்கள் என்று கேட்டேன். அவள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் எழுந்துபோய்க் கடப்பாரையை எடுத்து வாசலில் வைத்தேன்.

கிடங்கில் வேண்டாம் என்று தடுத்தவன் நான். மில் நிற்கவில்லை, பாய்லர் அணையவில்லை. அந்தச் சாம்பல் வேறு எங்கே போகும் என்று நான் கேட்கவே இல்லை.

செருப்பும் காலும்

காலையில் மணி அடிப்பதற்கு முன்பே கடப்பாரையும் கயிறுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். தலைமை ஆசிரியர் நல்லவர். பிள்ளைகளை வகுப்புக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டு ஆபீசருக்கு ஆள் அனுப்பினார். ஆபீசர் வந்தார். கூடவே மில் மானேஜர் டிராக்டரில், ஏழுமலையோடு.

"உங்களுக்கு எதப் பாத்தாலும் சந்தேகம் மேஸ்திரி" என்றார் ஆபீசர். "பஞ்சாயத்துக்கு ஒரு பைசா செலவில்லாம மூடிக் குடுத்திருக்காங்க. பெத்த பொண்ணு இங்க படிக்குதுன்னு பயப்படறீங்க, அதுவரைக்கும் சரி. அதுக்காக விழாவ நிறுத்த முடியுமா?" அன்று அவர் உடனே சரி சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடப்பாரை போட்டுப் பார்க்கலாம் என்றேன். மேலே போட்ட மண் கலைந்துவிடும் என்றார் மானேஜர். கொட்டி இத்தனை நாளாகிவிட்டது, எப்போதோ ஆறியிருக்கும் என்றார். பிறகு ஏழுமலையைப் பார்த்து, "நீ நடந்து காட்டுடா. மேஸ்திரிக்கு மனசு ஆறட்டும்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். ஏழுமலையின் கையைப் பிடித்தும் நிறுத்தினேன். அவர் என்னை ஏதோ குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரித்தார்.

"நான் ஊத்தன தண்ணி மேஸ்திரி. எனக்குத் தெரியாதா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நடந்தார். பாதி தூரம் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த இடத்தில் வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. வகுப்புகளில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் கேட்டார்கள். கயிற்றை வீசி இழுத்தோம். காலில் பிடித்திருந்த கனலைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, அதே டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வேறு ஒருவர் ஓட்டினார். வழியெல்லாம் ஏழுமலை, "ரெண்டு டிரம் ஊத்தனேன் மேஸ்திரி, ரெண்டு டிரம்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

கால் மிஞ்சியது. ஆனால் அவரால் இனி பிரேக் மிதிக்க முடியாது. மில்லில் வாசல் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். பார்த்து நடக்கத் தெரியாதவன் என்று மானேஜர் வருகிறவர்களிடம் சொல்கிறாராம்.

பள்ளத்தைப் பிளந்து, சாம்பலை மெல்லிசாகப் பரப்பி, கிளறிக் கிளறித் தண்ணீர் விட்டு ஆற்றினோம். விழா தெருவில் நடந்தது. செல்வி முதல் வரிசையில் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பில்லாமல் நின்ற அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். உமிச்சாம்பலைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். நனைத்தோம் என்று சொல்கிறவர் உண்மையைச் சொன்னாலும் நம்பாதீர்கள். கடப்பாரை இறக்கிப் பாருங்கள். ஒரு இடத்தில் குப்பையை வேண்டாம் என்று நிறுத்தினால் அன்றோடு உங்கள் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அது அடுத்து எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

எங்கள் ஊருக்குள் இப்போது அந்த டிராக்டர் வருவதில்லை. மில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம் ஐயங்கார்குளம் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். அங்கே டீக்கடையில் ஒருவர், தங்கள் தெருக்கோடிப் பள்ளத்தை யாரோ புண்ணியவான் இலவசமாக மூடித் தரப்போவதாகச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டீயை வைத்துவிட்டு, பள்ளம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.