மாமா கொண்டுவந்த கொன்றை

எங்கள் வகுப்பிலேயே ஒரு மரத்துக்குத் தாவரவியல் பெயர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கேசியா ஃபிஸ்டுலா. மட்டாஞ்சேரியில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்ற கணிக்கொன்னையில், ஒரு தகரப் பலகையில் அப்படி எழுதியிருந்தது. பூ சரம்சரமாகக் கீழே தொங்கும் என்று டீச்சர் சொன்னதையும் சேர்த்து, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் ஒப்பித்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் வகுப்புத் திமிர்!

அந்த வருடம்தான் அம்மாவின் தம்பி திருநெல்வேலியிலிருந்து வந்து, காயலுக்கு அக்கரையிலிருந்த பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் சேர்ந்து, எங்களோடு தங்கியிருந்தார். எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். அவருக்குத்தான் கொச்சியைப் பிடிக்கவில்லை. அவர் மலையாளம் பேசினால் கடையில் சிரிக்கிறார்களாம். "இன்னொரு தடவ எவனாவது சிரிச்சான்னா பையத் தூக்கிட்டு ஊருக்குப் போயிருவேன்க்கா" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். பையும் கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது. ஊரில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. அம்மாவுக்கு அதே கவலை.

விஷுவுக்கு முந்தின நாள் காலைக்குள்ளேயே எங்கள் பக்கத்துக் கொன்னை மரங்களையெல்லாம் மொட்டையடித்துவிட்டார்கள். விஷுவன்று கண்விழித்ததும் பார்க்கிற கணித் தட்டில் வைக்கப் பூ இல்லை. "நான் கொண்டாறேன்" என்று மாமா தானாக ஏற்றுக்கொண்டார். வேலை முடிந்து வரும் வழியில் வில்லிங்டன் தீவில் படகை விட்டு இறங்கி, சாலையோர மரத்தில் ஏறி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, ஒரு கட்டு மஞ்சள் பூவோடு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூங்கொத்து விறைப்பாக மேல்நோக்கி நின்றது. மொட்டெல்லாம் துருப்பிடித்த நிறம். அது கொன்னையே இல்லை, இயல்வாகை!

"அம்மா, இது..." என்று வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு பலாச்சுளையைத் திணித்தாள்.

"ஏலே, எவ்ளோ பூ கொண்டாந்திருக்க! தட்டே நிறைஞ்சிரும் போல இருக்கே" என்றாள் மாமாவிடம்.

ஐயோ பாவம், அம்மாவுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். வெளியூர்க்காரிதானே. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் ஊர்ச் சரக்கொன்றைதான். எனக்கு வயிறு கட்டிக்கொண்டால், அதன் நீளமான கறுப்புக் காயை உடைத்து, உள்ளே இருக்கும் பிசுபிசுப்பை வெந்நீரில் கரைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றிவிடுவாள். அவளிடம் போய்க் கணிக்கொன்னையைப் பற்றி என்ன சொல்வது? சொன்னால் வருத்தப்படுவாள் என்று பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

விடிந்ததும் பக்கத்து வீட்டுச் சேச்சி கணி பார்க்க வந்தார். பிறந்ததிலிருந்து கணி வைக்கிறவர். போச்சு, சிரிக்கப்போகிறார், மாமா பையைத் தூக்கப்போகிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேச்சி தட்டிலிருந்த வெள்ளரிக்காயைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"கணி கேமாயிட்டுண்டு, மோனே" என்று, பிரமாதம் என்பதுபோல் மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அப்பாடா, மூக்குக்கண்ணாடி போடாமல் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே மாமா பையிலிருந்த சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டார். இன்றைக்கும் கொச்சியில்தான் இருக்கிறார். அவருடைய மலையாளத்துக்கு இப்போது அவர் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அம்மா அந்தக் கறுப்புக் காயைப் பொறுக்கிக்கொண்டு வருவது எங்கள் பள்ளிக்கூட வாசலில், தகரப் பலகை தொங்கிய அதே மரத்தடியிலிருந்துதான். எத்தனையோ தடவை நான்தான் கூடப் போய்ப் பாவாடையில் ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறேன்.