காலையில் குறைந்து பகலில் பெருகிய ஒயில்

போன வருஷம் மாசி மாதம், ஹட்டனுக்குக் கொஞ்சம் மேலே நான் சொந்தமாகக் கட்டிய வீட்டு முற்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கியது இந்தக் குழப்பம். மறுநாள் மத்தியானம் டவுனில் ஒரு பள்ளிவாசல் முற்றத்தில் போய் முடிந்தது. என் அறுபத்தெட்டு வயதில் நான் அப்படிக் குழம்பியதே இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் விளங்கும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பதினான்கு வயதில் கொழுந்து லொறியில் கிளீனராக ஏறினேன். இருபத்தொன்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். முப்பத்தைந்தில் சொந்த லொறி. இன்றைக்கு இரண்டு லொறியும் ஒரு வேனும் என் பெயரில் ஓடுகின்றன. கினிகத்தேனை மலை வளைவுகளில் பனி இறங்கி எதிரே வருகிற பஸ்ஸே தெரியாத நேரத்திலும் ஒரு மூட்டை மரக்கறி சரியாமல் இறக்கியிருக்கிறேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். கராஜில் வேலை செய்கிற மெக்கானிக் பாஸ்மாரே என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குப் பதிந்து, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு என்று நாள் கிடைத்திருந்தது. தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். லொறியிலும் வேனிலும் குலுங்கிக் குலுங்கிப் போக அவளால் முடியாது என்றுதான், இரண்டு மாதத்துக்கு முன்னால் ஜப்பானில் ஓடி வந்த ஒரு சின்னக் காரை வாங்கியிருந்தேன். அவளைக் கண்டிக்குக் கொண்டுபோவதுதான் அந்தக் காரின் முதல் பெரிய ஓட்டம்.

தூர ஓட்டத்துக்கு முன்னால் வண்டியைப் பார்ப்பது என் பழக்கம். ஞாயிறு காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பொனட்டைத் திறந்து ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்தேன். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தேன். கம்பியின் நுனியில் ஒரு சொட்டு நனைந்திருந்தது. அவ்வளவுதான். குறைந்த அளவைக் காட்டுகிற கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் சேர்விஸ் செய்து புது ஒயில் ஊற்றியிருந்தார்கள். எங்கே போனது? காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒழுகிய அடையாளம் இல்லை. ஸ்டார்ட் செய்து பார்த்தேன். புகை இல்லை. ஒழுகவும் இல்லை, எரியவும் இல்லை, ஆனால் ஒயிலைக் காணோம்.

"என்னாங்க, காருக்கு அடியில போயி படுத்துக்கிட்டு?" என்று வாசலிலிருந்து கேட்டாள் மனைவி. அவளுக்கு என் கால் மட்டும்தான் மங்கலாகத் தெரிந்திருக்கும்.

"ஒண்ணுமில்ல. எஞ்சின் கொஞ்சம் எண்ணெய் குடிக்குது. ஊத்தினா சரியாப் போயிரும்."

ஊற்றினால் சரி. எதை ஊற்றுவது? அங்கேதான் சிக்கியது. காரோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். முழுக்க ஜப்பான் எழுத்து. பொனட்டுக்கு உள்ளே ஒட்டியிருந்த தாளும் அதே எழுத்து. அந்தப் புத்தகத்துக்கு முன்னால் படித்தவனும் படிக்காதவனும் ஒன்றுதான் என்று ஒரு சின்ன ஆறுதல் கிடைத்தது.

டவுனில் ஒயில் விற்கிற கடைக்குப் போனேன். லொறிக்கு வாங்கும்போது நான் "ஐம்பது" என்று சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள், கதை முடிந்துவிடும். கார் ஒயில் என்றதும் கடைக்காரர் ஒரு தட்டு முழுவதையும் காட்டினார். சைபர் டபிள்யூ இருபது, ஐந்து டபிள்யூ முப்பது, பத்து டபிள்யூ நாற்பது, இருபது டபிள்யூ ஐம்பது. எனக்கு நம்பர் வாசிக்கத் தெரியும், ஆனால் ஒரு டின்னில் இரண்டு நம்பர் எதற்கு என்று தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன் என்று அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்து கொழும்பில் இருக்கிற மகளுக்கு அழைத்தேன். அவள் போனில் தேடிவிட்டு, "சைபர் டபிள்யூ இருபதுதாம்ப்பா உங்க காருக்கு" என்றாள். சைபர் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? ஒன்றுமில்லாததை எஞ்சினில் ஊற்றி நான் எப்படிக் கண்டிக்குப் போவது?

என்னோடு லொறியில் கிடந்து வேலை பழகிய ஒரு பாஸ் இருக்கிறார், பழைய ஆள். அவரிடம் கேட்டேன். "அட, அது தண்ணி மாதிரி இருக்கும்யா. ஜப்பான்ல சமதரை ரோட்டுக்கு அது சரி. நம்ம மலையில ஏத்தத்துக்கு கனத்தது ஊத்துனாத்தான் நிக்கும். இது ஒனக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. எனக்கு ஒருவர் சொல்ல வேண்டுமா என்ன? மகள் பேச்சை விட்டுவிட்டு, இருபது டபிள்யூ ஐம்பதில் ஒரு லீட்டர் டின் வாங்கினேன். முற்றத்தில் வைத்து அரை டின் ஊற்றினேன். கால் மணி நேரம் விட்டுக் கம்பியை எடுத்தேன். நுனியில் ஒரு விரல் நகம் அளவு ஏறியிருந்தது. அரை லீட்டருக்கு இவ்வளவுதானா? திங்கள் காலை மறுபடி பார்த்தேன். அப்படியேதான். மிச்ச அரை டின்னையும் கவிழ்த்தேன். அதற்குப் பிறகுதான் கீழ்க்கோட்டைத் தொட்டது.

எஞ்சின் ஒரு லீட்டரைக் குடித்துவிட்டு இன்னும் கேட்கிறது என்றால், உள்ளே என்னவோ பெரிதாகப் போய்விட்டது. நாளை மறுநாள் கண்டி. இன்னொரு டின் வாங்கலாம் என்று கிளம்பினேன். ஆஸ்பத்திரிக்குத் துவாய்த் துண்டும் ஒரு பிளாஸ்க்கும் வாங்க வேண்டும் என்று மனைவியும் ஏறிக்கொண்டாள்.

டவுனுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஏற்றத்திலேயே கார் இழுக்கவில்லை. மாட்டைக் கட்டி இழுப்பது போல முக்கியது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் நீலமாகப் புகை.

"என்னாங்க கருகின மாதிரி வாடை வருது?"

"முன்னால போற பஸ்ஸு."

"முன்னால பஸ்ஸு சத்தமே கேக்கலையே."

கண் தெரியாதவர்களிடம் பொய் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

டவுனில் கீழே இறங்குகிற ஒரு தெருவில், வழக்கமாகப் போகாத ஒரு உதிரிப்பாகக் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். தெரிந்த கடைக்குப் போக வெட்கம். எஞ்சினை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, பொனட்டைத் திறந்து கம்பியை இழுத்தேன்.

மேல்கோட்டைத் தாண்டி, கம்பியில் பாதிக்கு மேல் ஒயில்!

துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அதே. மூன்றாம் முறையும் அதே. வீட்டில் அடியில் கிடந்த ஒயில், இரண்டு மைல் ஓடி வந்ததும் எப்படிப் பெருகும்? பால்தான் பொங்கும், ஒயிலும் பொங்குமா? அப்புறம்தான் அந்தப் பயங்கரமான நினைப்பு வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. ஒயிலையும் தண்ணீரையும் பிரித்துவைக்கிற தலை கேஸ்கட் போய், ரேடியேட்டர் தண்ணீர் ஒயிலோடு சேர்ந்துவிட்டது. எஞ்சினைக் கழற்ற வேண்டும். புதன்கிழமை போச்சு. அவள் கண் போச்சு.

கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கடைக்குள்ளிருந்து ஒரு முஸ்லிம் முதலாளி, நாற்பது வயதிருக்கும், கையில் பிளேன்டீ கிளாசோடு வெளியே வந்தார். எவ்வளவு நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

"என்ன அய்யா, கம்பிய பாத்து ஜோசியம் கேக்குறீங்களா?"

"தம்பி, நாப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் நானு. ஒரு லீட்டர் ஒயில் குடு, இருபது ஐம்பது. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன். எதற்கு இன்னும் ஒயில் கேட்டேன் என்று எனக்கே இன்றுவரை தெரியாது. வாய் பழக்கம்.

அவர் என் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். "இவ்வளவு ஒயிலோட வந்துட்டு இன்னும் கேக்குறீங்க. நான் விக்க மாட்டேன்" என்றார். என் காசைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கடைக்காரர் பொருள் தர மறுத்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். காலையில் குறைந்தது, ஊற்றியது, ஏறாதது, இப்போது பெருகியது, புதன்கிழமை ஒப்பரேஷன், எல்லாம்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுல காரு எப்படி நிக்கும்? மூக்கு மேலயா, கீழயா?"

"மேலே ஏத்தித்தான் நிப்பாட்டுவேன். ஏன்?"

அவர் பாதி குடித்த பிளேன்டீ கிளாசைக் திறந்திருந்த பொனட்டுக்குக் கீழே காரின் முன்விளிம்பில் வைத்துப் பிடித்தார். கார் மூக்கைக் கீழே போட்டு நின்றது. கிளாசில் தேத்தண்ணீர் முன்பக்கமாகச் சாய்ந்து, ஒரு பக்கம் விளிம்புக்கு ஏறி, மறுபக்கம் இறங்கி நின்றது.

"ஒயில் கம்பி எஞ்சினுக்கு முன்னுக்கு இருக்கு. வீட்டுல மூக்கு மேல நிக்கிறப்ப ஒயிலெல்லாம் பின்னுக்கு ஓடிரும். கம்பிக்கு ஒண்ணும் தெரியாது. இங்க மூக்கு கீழ. எல்லாம் கம்பிகிட்ட வந்து நிக்குது. ஒயில் கொறையவும் இல்ல, பெருகவும் இல்ல அய்யா. நீங்கதான் ஒரு லீட்டர் கூட ஊத்தியிருக்கீங்க."

காருக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "முப்பத்தெட்டு வருஷமா அந்த முத்தத்தைக் கழுவுறேன். தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!"

முதலாளி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் ஒயில் பார்த்தவனுக்கு இது தெரியாதா என்று நீங்களும் கேட்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். கொழுந்து லொறி நின்றது பெக்டரியின் சிமெண்டுத் தளத்தில். என் லொறிகள் நிற்பது டவுனில் நான் மட்டப்படுத்திய இடத்தில். அங்கே மட்டும்தான் நான் கம்பியை இழுத்திருக்கிறேன். சரிவில் வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காததெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது என்றார் அவர். தெருவின் அடியில் பள்ளிவாசல், அதன் முற்றம் சிமெண்டு போட்டு மட்டமாக இருக்கும். தன் ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, நான் பிரேக்கில் காலை வைத்திருக்க, கார் மெதுவாக உருண்டு அங்கே போய் நின்றது. அவர் கேட்டு வாங்கிய அனுமதியில், ஒரு ஓரத்தில், அளந்து பார்த்தோம். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரம். நான் ஊற்றியது அத்தனையும் மேலே உட்கார்ந்திருந்தது.

பக்கத்துக் கராஜ்காரர் வந்து ஒயில் முழுவதையும் இறக்கினார். கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்தது சைபர் டபிள்யூ இருபது. வாங்கும்போது என் முகம் எப்படி இருந்ததோ, அவரே சொன்னார்: "முன்னால இருக்கிற நம்பர் குளிருக்கு. சின்னதா இருந்தா நம்ம பனிக் காலையிலயும் சட்டுன்னு ஓடும். பின்னால இருக்கிறது சூட்டுக்கு. இந்த எஞ்சின்ல ஒயில் ஓடுற வழியெல்லாம் ஊசிக் காது மாதிரி. கனத்தது அதுக்குள்ள போயி சேர்றதுக்குள்ள இரும்பு தேஞ்சிரும். லொறிக்கு நீங்க ஊத்துறது சரி. இது லொறி இல்ல."

"சரிங்க நானா" என்றேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தம்பி என்று கூப்பிட்ட அதே ஆளைத்தான் இப்போது அண்ணன் ஆக்கினேன். புது ஒயில் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் புகையும் நின்றுவிட்டது.

புதன்கிழமை அதிகாலை கினிகத்தேனை வளைவுகளில் கார் பூனை போல இறங்கியது. ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே ஆஸ்பத்திரியில் இருந்தோம். கட்டு அவிழ்த்த அன்று வெளியே வந்து காரைப் பார்த்தவள், "இதுவா? இது சாம்பல் நிறம்னு நெனச்சேன், வானத்து நீலமா இருக்கே" என்றாள். அவளை அந்த நிறத்தைப் பார்க்கவிடாமல் செய்ய நான் எவ்வளவு கிட்டப் போனேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரிவிலேயே பிறந்து, சரிவிலேயே வீடு கட்டி, சரிவிலேயே பெயர் வாங்கியவன் நான். அதனால்தானோ என்னவோ, நான் நிற்கிற இடம் சாய்ந்திருப்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. இப்போது "எனக்குத் தெரியும்" என்று அடித்துப் பேச வாய் வரும்போதெல்லாம், காலுக்குக் கீழே மட்டமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். இந்த மலையில் அப்படி ஒரு மட்டமான இடம் கிடைப்பது நான் நினைத்ததைவிட அபூர்வமாகத்தான் இருக்கிறது.