சம்பந்தி வீட்டு இலையும் மஞ்சள் மாத்திரையும்

இந்த நாட்டில் பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சம்பளம் என்று கேட்டால் முகம் சுளிப்பார். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை முறை கக்கூஸ் போனீர்கள், இரத்தம் கலந்து போனதா என்று ஒரு நர்ஸ், திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கும் கேட்கும்படி விசாரிக்கலாம். இங்கிலாந்துக்கு வந்து ஏழு வருடம் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை. நம் ஊரில் எல்லாம் தலைகீழ். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திருமங்கலம் வருவதற்குள் என் சம்பளத்தைக் கறந்துவிடுவார். ஆறாத வியாதி என்றால் மட்டும் எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும்.

போன வருடம் இங்கே டாக்டர் என் வியாதிக்குப் பெயர் சொன்னார். கொலைட்டிஸ். பெருங்குடலில் அழற்சி. எப்போது குணமாகும் என்று கேட்டேன். "நாம் சமாளித்துக்கொள்ளலாம்" என்றார். நானும் நன்றி சொல்லிவிட்டு, இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்று நம்பி வீடு வந்தேன். ஆயுளுக்கும் கூடவே இருக்கும் என்பதை இத்தனை மரியாதையாகச் சொல்வார்கள் என்று யார் கண்டது? மஞ்சள் மாத்திரை, ஒரு நாளைக்கு எட்டு, ஒரு வேளைகூட விடக்கூடாது. காரம் கண்ணிலேயே படக்கூடாது.

அந்த மாத்திரைகளோடுதான் தங்கை செல்வியின் கல்யாணப் பேச்சுக்காக மதுரைக்குப் போனேன். தல்லாகுளம் வீட்டில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "வயித்தால போறதுக்கு ஒரு பேரா? சீரகத்தண்ணியக் குடி" என்றாள். இது தீராது என்று விளக்கியதும் முகம் மாறிவிட்டது. "வெளிய மூச்சு விட்றாத. குடும்ப வியாதின்னு சொல்லிப்புட்டா செல்விய எவன் கட்டுவான்?" ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மாத்திரைப் புட்டி அரிசிப் பானைக்குள் போனது. வந்த என்னைப் பார்க்கப் பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை ஆட்கள். அத்தனை பேர் நடுவில் அரிசிக்குள் கைவிட்டு மாத்திரை தேடுவது எப்படி? ஒரு வேளை விட்டது, அப்புறம் ஒருநாள் விட்டது, அப்புறம் கணக்கே இல்லை.

மாப்பிள்ளை வீடு திருமங்கலத்தில். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. சம்மதம் ஆகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அப்பா இல்லாத வீட்டில் அந்தக் கை என் கை. தட்டு நிறைய வெற்றிலை வைத்துப் பேசி முடித்ததும் இலை போட்டார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், நடுவில் மிளகாய் மிதக்கும் ரசம். வெறும் சோற்றில் மோர் ஊற்றிக்கொள்கிறேன் என்றேன். பந்தியே நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கரண்டியோடு வந்தார். "என்ன தம்பி, எலையவே பாத்துக்கிட்டு இருக்கீக? எங்க சம்பந்தம் புடிக்கலையா?"

"அப்படியெல்லாம் இல்லைங்கத்தே. வயிறு கொஞ்சம்..."

"வயித்துக்கு என்ன?"

பக்கத்து இலையிலிருந்து, என்னோடு வந்திருந்த தாய்மாமன் என் தொடையைக் கிள்ளினார். "ஒண்ணுமில்ல தங்கச்சி, சீமைச் சாப்பாடு சாப்பிட்டுக் கூச்சம் வந்துருச்சு. மாப்ள, சாப்பிடுய்யா."

சாப்பிட்டேன். எம்புட்டுச் சாப்பிட்டாலும் அந்த அம்மாள் "அம்புட்டுத்தானா?" என்றார். திரும்பும் பஸ்ஸில் என் குடல் பதில் சொன்னது. கண்டக்டரிடம் கெஞ்சி ஒருமுறை இறங்கி, கருவேல முள்ளுக்குள் ஓடினேன். மறுபடி எழுந்தபோது கண்டக்டர், "இன்னொருவாட்டியாண்ணே? மத்தவுக ஊரு போய்ச் சேர வேணாமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, என்னை யாரென்றே தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இங்கே திரும்பியும் இரத்தம் போவது நிற்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிட்டார்கள்.

"ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள்?" என்றார் டாக்டர்.

"தங்கைக்குக் கல்யாணம் பேசினோம்."

தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். கொண்டாட்டத்தில் மருந்தை மறந்துவிட்டாராம்! ஒரு வாய் மறுப்பதற்கு என் ஊரில் என்ன அர்த்தம் என்று அந்த மனிதருக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது?

தை மாதம் கல்யாணம். எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்தான் வாய்த்தது. பத்திரிகை தபாலில் வந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் 'லண்டன்' என்று போட்டிருந்தார்கள். லண்டனுக்கும் இந்த ஊருக்கும் நூறு மைல். கட்டில் தலைமாட்டுச் சீட்டிலோ நான் 'இந்தியன்'. கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி வந்தது. திருமங்கலத்தில் அப்போது மதியம், பந்தி நடக்கும் நேரம். நர்ஸ் பத்திரிகையைக் கையில் எடுத்து, என்ன விருந்து என்று ஆசையாகக் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"நல்லவேளை, நீங்கள் போகவில்லை. அதில் எதையுமே சாப்பிட்டிருக்க முடியாது" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பந்தியில் கை நனைப்பதுபோல வலது கையால் ஒரு வாய் கஞ்சியை அள்ளினேன். சிந்திவிட்டது என்று நினைத்து, துடைக்கக் காகிதம் எடுத்துக்கொண்டு அவள் ஓடிவந்தாள்.