ஒரிஜினல்னு நான் சொன்ன டிரம் செட்

எனக்குக் கோபம் வந்தா வாய் முந்தும், கை அதுக்கு அப்பறம்தான் வரும். என்ற மச்சினனுக்கு அப்படியில்லை, கைதான் முதல்ல. மாட்டுச் சந்தைத் தகராறுல ஒருத்தன் தாடையைப் பேத்துட்டு ஏற்கெனவே ஸ்டேஷன்ல உட்கார்ந்து எந்திரிச்சவன். என்ற ஊட்டுக்காரிக்கு அவன் ஒரே தம்பி. எங்க மலையில சில ஊர் சேர்ந்தா அதுக்கு நாடுன்னு பேரு, அவன் இருக்கிறது ஆலத்தூர் நாடு. "மாமா, உடனே ஆலத்தூர் நாட்டுக்கு வாங்க, ஒரு பொருளைப் பார்த்துச் சொல்லணும்"னு அவன் போன் பண்ணினப்பவே, காய்ச்சல்னு சொல்லிப் படுத்திருக்கணும் நான். போனேன்.

பொருள் ஒரு பழைய டிரம் செட். சேலத்துல ஒரு ஆர்கெஸ்ட்ராவுல வருசக்கணக்கா டிரம்ஸ் வாசிச்சவன் நான். சொந்த ஊரு பைல் நாட்டுக்குத் திரும்பி வந்து மிளகு, மரவள்ளி விவசாயம்னு ஆன பிறகும், பழைய டிரம்ல எது நிஜம், எது போலின்னு கேட்டு ஆள் வரும். மச்சினனுக்குச் சொந்தமா ஒரு பேண்டு செட் வைக்கணும்னு ஆசை. அந்த வருசத்து மிளகு முழுசையும் சோளக்காட்டுச் சந்தையில ஒரு வியாபாரிகிட்டக் கொடுத்துட்டு, "லண்டன்ல செஞ்ச அந்தக் காலத்துச் செட்டு"ன்னு அந்த ஆள் சொன்னதை நம்பி ஏத்திட்டு வந்துட்டான். மிளகுன்னா சும்மாவா? மரத்துல ஏணி சாத்தி ஏறி, எறும்புக்கடி வாங்கிப் பறிக்கிறது. அப்பறம் டீக்கடையில எவனோ, "ஏமாந்துட்டியேப்பா"ன்னு கொளுத்திப் போட்டிருக்கான்.

நான் போனப்ப செட்டு வாசல்ல இருக்கு. பக்கத்துல அந்த வியாபாரி தரையில உட்கார்ந்திருக்கான், சட்டை கிழிஞ்சு, உதட்டுல ரத்தம். சந்தையிலிருந்து அடிச்சு ஜீப்புல ஏத்திட்டு வந்திருக்கான் மச்சினன். அவனோட ஒரு கையில சேவல், இன்னொரு கையில கொடுவாள். எங்க பக்கம் புதுசா வண்டியோ மோட்டாரோ வாங்கினா, சாமிக்குக் கோழி அறுத்து அதுமேல ரெண்டு சொட்டு ரத்தம் விடுவோம். விட்டாச்சுன்னா அது சாமிக்குக் காட்டின பொருள், திருப்பிக் கொடுக்கிற பேச்சே கிடையாது. அதனாலதான் நான் வர்ற வரைக்கும் அறுக்காம வச்சிருந்தான்.

"பாருங்க மாமா. ஒரிஜினல்னா கோழியை அறுக்கறேன். டூப்ளிகேட்டுன்னா இவனை."

சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்றவன் இல்லீங்க அவன்.

டிரம்மை வெளியில பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது. மினுமினுப்புத் தாளை எவன் வேணும்னாலும் ஒட்டுவான். தோலைக் கழட்டி உள்ளே தலையை விட்டுப் பார்க்கணும். பெரிய டிரம்மோட போல்ட்டுகளைத் தளர்த்திக் கழட்டினேன். பேட்ஜுல பேர் போட்டிருந்த லண்டன் கம்பெனியோட பழசுன்னா மரம் உள்ளே கறுத்திருக்கும், விளிம்பை ஒட்டி உள்பக்கம் ஒரு பட்டை சுத்தி ஓடும். இதுல பட்டையே இல்லை, மரம் புதுக் கதவுப் பலகை மாதிரி வெளேர்னு கிடக்கு. கம்பெனி பேட்ஜு நடுவுல காத்துப் போக ஒரு ஓட்டை உண்டு, அது மரத்தைத் துளைச்சு உள்ளே வரணும். உள்ளே தடவிப் பார்த்தேன், ஓட்டையே இல்லை. பேட்ஜை எவனோ மேலாக்க ஒட்டியிருக்கான். ஓரத்துல பசை வழிஞ்சு காஞ்சு கிடக்கு. சுத்தமான குப்பை.

தலையை வெளியே எடுக்கலை நான். எடுத்தா ஏதாவது சொல்லியாகணும். உண்மையைச் சொன்னா வாசல்ல ஒருத்தன் செத்து விழுவான், மச்சினன் ஜெயிலுக்குப் போவான், அவன் அக்கா காலத்துக்கும் அழுவா. மெல்லத் தலையை வெளியே எடுத்தேன்.

"ஒரிஜினல்தான் மாப்ள," ன்னேன். "லண்டன் சரக்கு. இப்படி ஒண்ணை நான் என் கண்ணால பார்த்ததே இல்லை."

ஒரே வெட்டு. சேவல் ரத்தத்தை டிரம் மேல சொட்ட விட்டுட்டு, "மானத்தைக் காப்பாத்திட்டீங்க மாமா"ன்னு என்னைக் கட்டிப் புடிச்சான். கொடுவாளை மெல்ல வாங்கிக் கூரை மேல வீசிட்டு, அப்பாடான்னு மூச்சு விட்டேன்.

அதுக்குள்ள வியாபாரி எந்திரிச்சுட்டான். கலைஞ்சு போன ஏதோ ஒரு பேண்டுக்காரங்ககிட்ட ஓட்டை உடைசல்னு எடுத்த செட்டு அது. பேட்ஜைப் பார்த்துட்டு லண்டன்னு வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டிருக்கான். இப்ப அந்தப் பொய்யே நிஜம்னு விவரம் தெரிஞ்சவன் வாயால கேட்டுட்டான். உயிர் தப்பிச்சதேன்னு ஓட வேண்டாமா? பேராசை விட்டுதா?

"அய்யோ, நிஜமாவே லண்டனா! மிளகு மூட்டையெல்லாம் திருப்பித் தாரேங்க, செட்டைக் கொடுத்துடுங்க"ன்னு சின்ன டிரம்மைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டான்.

"கோழி அறுத்தாச்சுடா நாயே!" மச்சினன் அவன் மூஞ்சியில ஒண்ணு விட்டான். வியாபாரி சிம்பல் ஸ்டாண்டைப் புடுங்கி வீசினான். அதுல மாட்டியிருந்த பித்தளைத் தட்டோட விளிம்பு மச்சினன் புருவத்தைக் கிழிச்சுட்டுப் போச்சு. கண்ணுல ரத்தம் வழிய, அவனை மண்ணுல சாய்ச்சு, நெஞ்சுமேல ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரிச்சான் மச்சினன். கீழே கிடந்தவனுக்கு முழி பிதுங்குது. கால் உதறுறது கொஞ்சம் கொஞ்சமா அடங்குது.

புடிச்சு இழுத்தேன், அசையலை. "விடுடா பாவி! அது டூப்ளிகேட்டுடா! குப்பைடா! இதுக்குப் போயிக் கொலை பண்ணாதடா!"ன்னு கத்தினேன்.

கை தளர்ந்துச்சு. மச்சினன் திரும்பி என்னைப் பார்த்தான். கீழே கிடந்தவனும் இருமிக்கிட்டே என்னைப் பார்த்தான்.

"ஓஹோ," ன்னான் மச்சினன். "குப்பைன்னா நான் தூக்கிப் போட்டுருவேன், நீங்க அள்ளிட்டுப் போயிரலாம்னு கணக்கா?"

"அதானே பார்த்தேன்!" ன்னான் வியாபாரி. "உள்ளே தலையை விட்ட மனுசன் வெளிய எடுக்கவே மாட்டேன்னாருங்களே!"

வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதை. முதல் அடி யாரோடதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. முன்பல்லு போச்சு. விழுந்த பிறகு ரெண்டு பேருமே மிதிச்சாங்க. விலாவுல 'மளுக்'குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அடிச்சு ஓஞ்சு போயி, ஒரே சொம்புல தண்ணி குடிச்சாங்க ரெண்டு பேரும். "கோழி விழுந்த பொருளை இனி எப்படிங்க கேக்கறது, நல்லா வச்சுப் பொழைங்க"ன்னு சொல்லிட்டு வியாபாரி உயிரோட பஸ் ஏறிப் போனான்.

ஊட்டுக்கு வந்து ஊட்டுக்காரிகிட்ட ஒண்ணு விடாமச் சொன்னேன். "உன்ற தம்பி கொலைகாரன் ஆகாம இருக்கத்தான்டி பொய் சொன்னேன்"னு சொன்னேன். அவ வெந்நீர்ல துணியை நனைச்சு, வீங்கின கன்னத்துல மெதுவா ஒத்தடம் கொடுத்தா. அப்பறம் ரொம்பப் பிரியமாத்தான் கேட்டா.

"ஏனுங்க, அவ்வளவு ஆசைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க? கேட்டா என்ற தம்பியே கொடுத்திருப்பான்."

பல்லுப் போனப்பக்கூட அழாதவன், வெந்நீர்ச் சட்டியைத் தட்டி விட்டுட்டு எந்திரிச்சுப் போயி வாசல்ல உட்கார்ந்து அழுதேன்.