வழிவிட்டு முட்டிக்கொண்ட ரயில்கள்

“…நீங்க சொல்லுங்க, நீ சொல்லுன்னு ரெண்டு பேரும் ஒதுங்கி ஒதுங்கியே, பாருங்கணா, நட்ட நடுவுல முட்டிக்கினு நிக்கிறோம்” என்றாள் செல்வி.

ரயிலைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் ரயிலைப் பற்றிச் சொல்லவில்லை என்பது அறையிலிருந்த மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கு, அவள் கணவன் மாதேஷுக்கு, எனக்கு.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

இந்தப் பத்தித் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் முன்னறைப் பொம்மை ரயிலைத் தெரியும். ஸ்பாஞ்சில் மரம் செய்யப்போய்ப் பச்சைப் பெயின்ட்டைச் சட்டையில் கொட்டிக்கொண்ட கதையை எழுதியபோது, ‘இந்த வயதில் இதெல்லாம் தேவையா?’ என்று கேட்டவர்களும் நீங்கள்தான். தேவைதான். நான் இருக்கும் புதூர்நாட்டு மலையில் ரயில் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் ஜீப் பிடித்துத் திருப்பத்தூர் இறங்க வேண்டும். அதற்குப் பதில் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

கட்டில் அளவு ப்ளைவுட். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒற்றைப் பாதை. நடுவில் ஒரு ஸ்டேஷன். அங்கே மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய், மறுபடி ஒன்றாகச் சேரும். நேராகப் போவது மெயின் லைன். ஒதுங்கி வளைந்து போவது லூப். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் அங்கேதான் ஒன்றையொன்று கடக்க முடியும். இரண்டும் பேட்டரி இன்ஜின், ஆளுக்கொரு ரிமோட்.

பாதை பிரிகிற இடத்தை ரயில்வேக்காரர்கள் ‘பாயின்ட்’ என்பார்கள். ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதில் உள்ள இரண்டு மெல்லிய தண்டவாளத் துண்டுகளை இப்படித் தள்ளினால் ரயில் மெயின் லைனில் போகும். அப்படித் தள்ளினால் லூப்பில் நுழையும்.

தள்ளுவது எப்படி? ஒரு மாதமாக எனக்கு இதே யோசனை. சிரிக்காதீர்கள்… வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று முடிவு செய்ய இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதில்லை.

முதலில் மோட்டார், பட்டன் என்றுதான் நினைத்தேன். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் நண்பர் காதர் பாய், “பட்டன் வைங்க சார், லட்சணமா இருக்கும். உக்காந்த எடத்துல வேல முடிஞ்சிடும்” என்றார். ஆனால் எங்கள் மலையில் மழைக்கு முன்னே கரன்ட் போய்விடும். அதுகூடப் பெரிய காரணமில்லை. பட்டனை அமுக்கினால், அங்கே நகர்ந்திருக்கும் என்ற நம்பிக்கைதான் நமக்கு மிச்சம். கையால் தள்ளினால் நகர்ந்துவிட்டது என்று விரலுக்கே தெரிகிறது. மெசேஜ் போட்டுவிட்டு நீலக் குறிக்காகக் காத்திருப்பதற்கும், நேரில் போய் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இது.

சரி, கைதான். ஆனால் எந்த மாதிரிக் கை?

விரலாலேயே பாயின்ட்டைத் தள்ளிப் பார்த்தேன். சட்டைக் கை பட்டு ஸ்டேஷன் மாஸ்டரின் வீடு சாய்ந்தது. தண்டவாளத்தின் ஓரத்திலேயே குட்டி லீவர் வைத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது… எட்டிப் பிடிப்பதற்குள் இரண்டு மரம் போயிற்று. கடைசியில் நின்றது இதுதான்: சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை ஒரு தடித்த காலிப் பேனா ரீஃபிலுக்குள் விட்டு, ஒரு முனையைப் பாயின்ட்டில் மாட்டி, மறுமுனையை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து, அதில் ஒரு மரக் குமிழ். இழுத்தால் ஒரு பாதை. தள்ளினால் இன்னொரு பாதை. இந்தக் கோடியில் ஒரு குமிழ், அந்தக் கோடியில் ஒரு குமிழ்.

கம்பியைத் தள்ளிய இடத்திலேயே நிறுத்தி வைக்க ஏதாவது பிடிமானம் வேண்டுமே? காதர் பாய் நல்ல மெத்தென்ற தோலில் வாஷர் வெட்டி அனுப்பியிருந்தார். கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் என்றார். அதை மாட்டப் போனபோதுதான் மாதேஷ் வந்தான்.

மாதேஷ் எங்கள் மலையில் ஜீப் ஓட்டுகிறவன். என் ரயிலுக்குப் பாதி இன்ஜினீயர். தோலைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

“இது வேணாம்ணா. பேனா ஸ்பிரிங் போடுங்க. குமிழ விட்டா தன்னால லூப்புக்குத் திரும்பிக்கும். மெயின் லைன் வேணும்னா இழுத்துப் புடிச்சிக்கினு நிக்கட்டும்.”

“ஏன், மெயின் லைனுக்குத் திரும்புகிற மாதிரி வைத்தால் என்ன?”

“எதுக்க வண்டி வந்தா இன்னாணா பண்றது? ஒதுங்கறதுதான மொத வேல?”

அவன் அப்படித்தான் சொல்வான். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். மாதேஷ் ஏறும்போதும் விடுவான். எதிர் வளைவில் வெளிச்சம் தெரிந்ததுமே, அகலமான இடம் பார்த்து ஜீப்பை ஓரங்கட்டிவிடுவான். பின்னால் புளி மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஆட்கள், “ஏண்டா மாதேசு, நீ ஜீப் ஓட்றியா, ரோட்டோரம் நிறுத்தி வெச்சி எங்களுக்குக் காத்து வாங்க வுட்றியா?” என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே இன்ஜினை அணைப்பான்.

நல்ல குணம். அதனால் யோசிக்காமல் ஒத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் போட்டோம்.

இரண்டு பக்கமும்.

‘அவரவர் இடது பக்கம் போகிற மாதிரி, ஒன்றை மெயினுக்கும் ஒன்றை லூப்புக்கும் வைத்திருக்கலாமே?’ என்று விவரமானவர்கள் கேட்பீர்கள். வைக்கலாம். அப்புறம் யார் ஒதுங்குவதென்று பார்க்க நமக்கு என்ன வேலை?

இனி செல்வி.

செல்வி திருப்பத்தூர்ப் பெண். மலையில் ஆரம்பப் பள்ளி டீச்சராக வந்தவள், மாதேஷைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். ஒரே அறையில் எல்லா வகுப்புக்கும் எல்லாப் பாடமும் நடத்துகிறாள். படித்தது தாவரவியல். “மைக்ரோஸ்கோப்பத் தொட்டு எத்தினியோ வருசம் ஆச்சுணா” என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றது.

இப்போது அவளுக்கு அறிவியல் ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. திருப்பத்தூரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் இடம் காலி. கலந்தாய்வில் நேரில் போய் ‘சம்மதம்’ என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மறுபடி எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்?

செல்வி என்னிடம் தனியாகச் சொன்னாள்: “அவருக்கு மலைதாணா எல்லாம். சாம வெதச்ச காடு, புளி மரம், ஜீப்பு… கீழ இட்டுக்கினு போனா வாடிப்பூடுவார். வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.”

மாதேஷும் என்னிடம் தனியாகத்தான் சொன்னான்: “எனக்காவ இத்தினி வருசம் மேல இருந்துட்டா. ஜீப்ப வித்துட்டு கீழ எதனா வண்டி ஓட்டிக்கிறேன். அவ வாயத் தொறந்து கேட்டா போதும்ணா.”

நேருக்கு நேர் உட்கார்ந்தால்?

“இன்னா பண்ணலாம்?”

“உங்க இஷ்டம்.”

“எனக்கின்னா, உன் இஷ்டம்.”

வாரக்கணக்கில் இதுதான். நம் வீடுகளில் இது பெரிய மரியாதை. ‘உங்க இஷ்டம்’ என்றால் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று பொருள். ஆனால் சில சமயம் அதற்குள் ஒரு சின்னப் பயமும் ஒளிந்திருக்கும்… நாளை ஏதாவது தப்பாகப் போனால் முடிவு என்னுடையதாக இருக்கக் கூடாது என்ற பயம். எனக்கு உண்டு. உங்களுக்கு இல்லையா?

(இதையெல்லாம் எழுதட்டுமா என்று இருவரிடமும் கேட்டேன். ஒரே குரலில் “உங்க இஷ்டம்ணா” என்றார்கள். பழக்கம் அவ்வளவு லேசில் விடாது.)

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் வந்தார்கள். மறுநாள் கலந்தாய்வு. வந்ததிலிருந்து இரண்டு பேரும் என்னோடுதான் பேசினார்கள், தங்களுக்குள் பேசவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு ரிமோட்டைக் கையில் கொடுத்தேன்.

அந்தக் கோடியில் மாதேஷ். இந்தக் கோடியில் செல்வி. இரண்டு ரயிலும் கிளம்பின. ஸ்டேஷன் நெருங்கியது. எதிரே மாதேஷின் ரயில் வருவதைப் பார்த்ததும் செல்வி குமிழைத் தொடவில்லை: அவர் நேராகப் போகட்டும், நான் ஒதுங்குகிறேன். செல்வியின் ரயிலைப் பார்த்ததும் மாதேஷும் குமிழைத் தொடவில்லை: அவள் நேராகப் போகட்டும்.

ஸ்பிரிங் தன் வேலையைச் செய்தது. இரண்டு ரயிலும் லூப்புக்குள் திரும்பி, நெற்றியோடு நெற்றி முட்டி நின்றன.

பக்கத்தில் மெயின் லைன் காலியாகக் கிடந்தது.

அப்போது செல்வி சொன்னதுதான் நான் முதலில் எழுதியது.

மாதேஷ் மெல்ல, “இது சும்மா வெளையாட்டு, செல்வி” என்றான்.

“வெளையாட்டுதாங்க. வண்டியப் பின்னால எடுங்க. இன்னொருவாட்டி ஓட்டலாம்.”

யார் மெயின் லைனில் வர வேண்டும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அடுத்தவர் குடும்பத்தில் பாயின்ட் மாற்ற நான் யார்?

மறுபடி இரண்டும் கிளம்பின. மாதேஷின் ரயில் வழக்கம்போல லூப்பில் போய் ஒதுங்கி நின்றது. செல்வி குமிழை இழுத்தாள். ஸ்பிரிங் அவள் கையைத் திருப்பி இழுத்தது. விடாமல் பிடித்துக்கொண்டாள். அவள் ரயில் நேராக மெயின் லைனில் வந்து, மாதேஷின் ரயிலுக்குப் பக்கத்தில் நின்றது.

“எனக்குப் போவணுங்க” என்றாள், ரயிலைப் பார்த்தபடியே. “ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு லேபு. இத்தினி நாளா உங்க இஷ்டம் உங்க இஷ்டம்னேனே, அது பொய்யி. என் இஷ்டம் இதான். நாளைக்கிக் காலைல ஜீப்புல வேற யாரையும் ஏத்தாதீங்க.”

மாதேஷ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு, “ஜீப்ப விக்க எனக்கு மனசில்ல, செல்வி” என்றான். “பகல்ல மேல ஓட்டறேன். சாயந்தரம் சவாரி முடிச்சிட்டு வூட்டுக்கு எறங்கி வர்றேன்.”

“யாரு உங்கள விக்கச் சொன்னது?”

அப்போதுதான் கவனித்தேன். செல்வியின் ரயில் ஸ்டேஷனுக்குள் வந்துவிட்டதே தவிர, வெளியே போக முடியாது. அந்தப் பக்கப் பாயின்ட் லூப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மாதேஷ் தன் குமிழை இழுத்துப் பிடித்தால்தான் அவளுக்குப் பாதை திறக்கும். இவ்வளவு நாள் ஒதுங்கி நிற்பதுதான் வழிவிடுவது என்று நினைத்திருந்தேன். நானே செய்த மேசை, எனக்கே தெரியவில்லை.

மாதேஷ் குமிழை இழுத்தான்.

செல்வியின் ரயில் கிளம்பி, அவன் பக்கத்துப் பாயின்ட்டைத் தாண்டி, அவன் கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசிப் பெட்டி போன பிறகும் செல்வி தன் குமிழை இழுத்துப் பிடித்தபடியே நின்றாள். அப்புறம், அவன் ரயில் லூப்பிலிருந்து வெளியே வரட்டும் என்று, கையை விட்டாள்.